கண்ணுக்கு ஒரு மாலைப் பள்ளி

லண்டன் நகரத்திலே ரெட் லயன் சதுக்கம் என்னும் இடத்தில், 1854-ஆம் வருஷம் அக்டோபர் மாதக் கடைசியில், பகற்பொழுதெல்லாம் உளியும் இழைப்புளியும் பிடித்தும், அச்சுக் கோத்தும், பிறர் கடையில் கணக்கெழுதியும் களைத்துப்போன மனிதர்கள் வேலை முடிந்த பிறகு வந்து படிப்பதற்கென்றே ஒரு கல்லூரி தொடங்கப்பெற்றது. உழைப்பாளர் கல்லூரி என்பது அதன் பெயர். பிரெடரிக் டெனிசன் மாரிஸ் என்ற சமய அறிஞரும் அவருடைய நண்பர்களும் சேர்ந்து அதை நிறுவினார்கள். அத்தகைய கல்லூரியில் கணிதமும் இலக்கணமும் சரித்திரமும் கற்பிப்பார்கள் என்று எவரும் எதிர்பார்த்திருப்பார்கள். ஆனால் தொடக்கத்திலிருந்தே அங்கே சித்திர வகுப்பு ஒன்றும் நடைபெற்றது என்பதும், அதை நடத்த முன்வந்தவர் அக்காலத்து இங்கிலாந்தின் கலை விமர்சகர்களுள் தலைசிறந்து விளங்கிய ஜான் ரஸ்கின் என்பதும் வியப்பூட்டும் செய்திகள். செல்வந்தரான மது வியாபாரி ஒருவரின் ஒரே புதல்வர், வயது முப்பத்தைந்து, புகழோ நாடெங்கும் பரவியிருந்தது. அப்படிப்பட்டவர் ஊதியம் எதுவும் பெறாமல், வியாழக்கிழமை மாலைதோறும் அந்த வகுப்புக்கு வந்து, தச்சர்களுக்கும் கைத்தொழிலாளர்களுக்கும் பென்சில் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார்.

வயது வந்தவர்கள் சித்திரம் பயில்வதை ஓய்வுபெற்றோரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகிற வழக்கம் நம்மிடையே இருக்கிறது. குடும்பமும் உத்தியோகமும் உள்ள ஒருவர் நாற்பது வயதுக்கு மேல் தூரிகையும் வர்ணப் பெட்டியும் வாங்கி வந்தால், வீட்டிலுள்ளவர்களே புன்முறுவல் செய்வார்கள். இந்தக் கல்வியைப் பற்றி, அதிலும் மலையும் மரமும் நீரும் வானமும் அடங்கிய இயற்கைக் காட்சியைத் தீட்டக் கற்றுக்கொள்ளும் கல்வியைப் பற்றி, நான் கொண்டிருக்கும் மதிப்பு மிகப் பெரிது. உலக விவகாரங்களில் ஈடுபட்ட மனிதனுக்கு நாளடைவில் மங்கிப்போகும் ஒரு சக்தியை, அதாவது எதிரே இருப்பதை இருக்கிறபடியே காணும் சக்தியை, அது மீட்டுத் தருகிறது என்பது என் துணிபு. ரஸ்கினின் வகுப்பறையைச் சற்று உற்று நோக்கினால் இது விளங்கும்.

புதிதாக வந்த மாணாக்கரின் முன்னே அவர் ஒரு வெண்மையான உருண்டையை நூலில் கட்டித் தொங்கவிட்டு, கண்ணுக்குத் தெரிகிறதை மட்டும் வரையச் சொல்வார். உருண்டை என்றால் வட்டம் என்று எண்ணி, ஒரு வட்டத்தைப் போட்டுவிட்டு நிமிர்கிறவருக்கு அங்கேயே முதல் பாடம் ஆரம்பமாகும். ஏனென்றால் உருண்டையைச் சுற்றி எந்தக் கோடும் இல்லை. ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல், இரண்டுக்கும் இடையே எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று சொல்ல முடியாத படிமுறையான மாற்றம், நிழலுக்குள்ளேயும் மேசையிலிருந்து எதிரொளித்து வரும் மெல்லிய ஒளி, இவைதான் உள்ளவை. இவற்றைச் சரிவரத் தீட்டிவிட்டால் உருண்டை தானாகவே தாளில் எழும்பி நிற்கும். இதன் பிறகு கற்களும் செடிகளும் இறகுகளும் வரும்; ஜெர்மானியச் சித்திரக்காரர் ஆல்பிரெக்ட் டூரரின் அச்சுச் சித்திரங்கள் வரும். ஒருமுறை டென்மார்க் ஹில்லில் இருந்த தம் வீட்டுத் தோட்டத்திலிருந்து ஒரு மரத்தையே வெட்டுவித்து, வகுப்பறையின் மூலையில் நிறுத்தி, கிளைகளின்மேல் ஒளியும் நிழலும் விழுவதைக் கவனிக்கச் செய்தாராம். லண்டன் புகையில் காலமெல்லாம் கழிக்கும் தொழிலாளிக்கு மரத்தைத் தேடிப் போக அவகாசமில்லாதபோது, மரம் அவனைத் தேடி வரட்டும் என்று நினைத்த அந்த மனத்தை என்னால் போற்றாமல் இருக்க முடியவில்லை.

அந்த நாளில் அரசாங்கத்தார் ஆதரித்த சித்திரக் கல்வி வேறு விதமானது. ஹென்றி கோல் என்பவரின் தலைமையில் ஏற்பட்டு, தென் கென்சிங்டன் முறை என்று பிற்காலத்தில் பெயர் பெற்ற அந்தத் திட்டத்தில், மாணாக்கன் இருபத்துமூன்று படிகள் ஏறவேண்டும். நேர்கோடு, வளைகோடு, கேத்திர கணித உருவங்கள், அச்சிட்ட மாதிரிகளைப் பார்த்துப் பார்த்து எழுதுதல் என்று அது ஆமை வேகத்தில் நகரும். ஆலைகளுக்கு வேண்டிய கைத்திறனை வளர்ப்பது அதன் நோக்கம். சென்னையில் 1850-ஆம் வருஷம் அலெக்ஸாண்டர் ஹன்டர் என்ற வைத்தியர் தம் சொந்தச் செலவில் தொடங்கிய சித்திரப் பள்ளியும், பின்னர் பம்பாயிலும் கல்கத்தாவிலும் எழுந்த பள்ளிகளும் நெடுங்காலம் அந்த முறையின் செல்வாக்குக்கு உட்பட்டிருந்தன. மாதிரியைப் பார்த்து மாதிரி எழுதுகிறவனின் கை தேறலாம், கண் தேறாது என்பது ரஸ்கினின் வாதம். தம் முயற்சியின் இலக்கு தச்சரைச் சித்திரக்காரராக மாற்றிவிடுவதன்று, தச்சராகவே அவர் கூடுதல் ஆனந்தத்தோடு வாழச் செய்வதுதான் என்று 1857-இல் ஒரு விசாரணைக் குழுவின் முன்னிலையில் அவர் சாட்சியம் அளித்தார். வயது வந்தோர் கல்வியின் தத்துவத்தை இதைவிடச் சுருக்கமாக எவரும் உரைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

அதே 1857-ஆம் வருஷத்தில், உபாத்தியாயர் இன்றித் தனியே பயில விரும்புவோருக்காக, கடித வடிவில் ஒரு நூலை அவர் வெளியிட்டார். சித்திரத்தின் மூல தத்துவங்கள் என்று அதன் தலைப்பைச் சொல்லலாம். அதிலுள்ள அப்பியாசங்களுள் ஒன்று இன்றைக்கும் எந்த ஊரிலும் எவரும் செய்யத் தக்கது. தெருவிலோ தோட்டத்திலோ இறங்கி, மிக வெளுப்பும் மிகக் கறுப்பும் இல்லாத ஒரு கூழாங்கல்லைப் பொறுக்கி வந்து, ஜன்னலோரத்து மேசையில் வைத்து, அதை வரையவேண்டும். அவ்வளவுதான். ஆனால் உட்கார்ந்த கொஞ்ச நேரத்துக்குள் கல் எத்தனை பெரிய உலகம் என்பது தெரியவரும். ஜன்னல் பக்கம் உள்ள மேடு பளிச்சென்று இருக்கிறது. அதற்கப்பால் மெல்ல மங்கி, ஓரிடத்தில் மிகக் கறுத்து, அதையும் தாண்டிக் கீழ் விளிம்பருகே மீண்டும் சற்றே வெளுக்கிறது, மேசையின் ஒளி அங்கே தட்டுவதால். கல் மேசையைத் தொடும் இடத்தில் ஒரு கீற்று, வேறெங்கும் காணாத கருமையோடு. நடுவே ஒரு புள்ளி, ஒரு கீறல், ஒரு குழிவு. ஒவ்வொன்றுக்கும் தன்னளவில் ஓர் ஒளிப்பக்கமும் ஒரு நிழற்பக்கமும். கல்லைச் சரியாக வரையத் தெரிந்தவனுக்குக் கலைக்கு எட்டும் எதையும் வரையத் தெரியும் என்று ரஸ்கின் கருதினார். மலையும் ஒரு கல்தானே! அளவில் பெரியதென்பதால் அதன்மேல் ஒளி விழும் நியதி மாறிவிடாது.

வயது வந்தவர்களுக்கு இதில் உள்ள இடையூறு விசேஷமானது. குழந்தைக்கு விஷயம் தெரியாது. நமக்கோ எல்லாம் தெரியும். புல் பச்சை, வானம் நீலம், மரத்தின் அடிப்பாகம் பழுப்பு, நிழல் கறுப்பு என்று பல வருஷங்களாக மனத்தில் பதித்து வைத்திருக்கிறோம். ஆகையால் எதிரே பார்ப்பதற்கு முன்பே கை அந்த வர்ணத்தை எடுத்துவிடுகிறது. சூரியன் சாய்வாக அடிக்கும்போது புல்வெளியின் ஒரு பகுதி புழுதி படிந்த மஞ்சளாகவே காட்சி தருகிறது. புல் பச்சையென்று அறிந்திருப்பதால் நாம் அதைப் பச்சையாகவே எண்ணிக்கொள்கிறோம் என்று ரஸ்கின் எடுத்துக் காட்டுகிறார். பிறவிக் குருடர் ஒருவருக்குத் திடீரெனப் பார்வை வந்தால் வர்ணத் திட்டுகள் எப்படித் தோன்றுமோ, அப்படிக் காணப் பழக வேண்டும் என்பது அவர் சொன்ன உபாயம். அதற்குத் துணையாக அவர் சொன்ன கருவி மிக எளியது. ஒரு வெள்ளை அட்டையில் பட்டாணி அளவுக்குத் துளையிட்டு, அதைக் கண்ணுக்கு முன்னே நீட்டிப் பிடித்து, தூரத்து மலையின் ஒரு பகுதியோ குளத்து நீரின் ஒரு பகுதியோ மட்டும் துளைக்குள் தெரியும்படி செய்யவேண்டும். உடனே மலை மறைந்துவிடுகிறது, நீர் மறைந்துவிடுகிறது; பெயரில்லாத ஒரு வர்ணம் மட்டும் எஞ்சுகிறது. அதைத் தட்டில் கலந்து, துளையின் ஓரத்தில் பூசி ஒப்பிட்டுப் பார்த்தால், கறுப்பென்று நினைத்த நிழல் ஊதாவாகவும், நீலமென்று நினைத்த நீர் வெறும் சாம்பலாகவும் இருப்பதைக் கண்டு முதல் நாளில் திகைக்காதவர் இருக்க முடியாது.

காட்சிச் சித்திரத்தில் மாணாக்கரை அடுத்தபடி குழப்புவது எது எவ்வளவு கறுப்பு, எது எவ்வளவு வெளுப்பு என்ற தாரதம்மியம். இதை விளக்கியவர்களில் ஜான் எஃப். கார்ல்சன் என்பவரைக் குறிப்பிட வேண்டும். சுவீடனில் பிறந்து, அமெரிக்காவில் நியூயார்க் ராஜ்யத்து உட்ஸ்டாக் என்னும் ஊரில் காட்சிச் சித்திரத்துக்கென்றே பள்ளி நடத்தியவர் அவர். 1929-இல் வெளிவந்த அவருடைய பாடநூல் இன்றளவும் வகுப்புகளில் வழங்கிவருகிறது. வெட்டவெளியில் ஒளி வருவது வானத்திலிருந்து. எனவே வானமே பெரும்பாலும் மிக வெளிச்சமானது. மல்லாந்து கிடக்கும் தரை அந்த வானத்தை முழுவதும் எதிர்கொள்வதால் அதற்கு அடுத்த வெளிச்சம் தரைக்கு. சாய்ந்து நிற்கும் மலைச் சரிவு ஒளியைக் குறைவாக வாங்குவதால் இன்னும் ஒரு படி மங்கல். செங்குத்தாக நிற்கும் மரங்களோ வானத்துக்குத் தங்கள் உச்சியை மட்டும் காட்டி நிற்பதால் எல்லாவற்றிலும் கறுத்தவை. எந்த ஊர்க் காட்சியானாலும் இந்த நான்கு படிகளைக் கண்டுகொண்டால் பாதிச் சித்திரம் முடிந்தது போலத்தான். பனி மூடிய தரையும், மேகமூட்டமும், அஸ்தமன வேளையும் இந்த விதியைப் புரட்டுவது உண்டு. விதியைத் தெரிந்துகொண்டவருக்கே புரட்டலின் அழகும் தெரியும். உபாத்தியாயர்கள் மாணாக்கரைப் பாதிக் கண் மூடிக்கொண்டு காட்சியைப் பார்க்கச் சொல்வது இதற்காகவே. இமைகளைச் சுருக்கினால் இலையும் கிளையும் போன்ற சில்லறை விவரங்கள் கரைந்து, ஒளியும் நிழலும் ஆகிய பெரும் பகுதிகள் மட்டும் நிற்கும்.

நிலத்தையும் பொழுதையும் சேர்த்து முதற்பொருள் என்று வகுத்த தொல்காப்பியரை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. மருத நிலத்துக்கு வைகறையும், நெய்தலுக்கு எற்பாடும், முல்லைக்கு மாலையும் உரியவை என்று பொழுதில்லாமல் நிலத்தைக் கூறாத மரபு நம்முடையது. சித்திரக்காரனுக்கும் பொழுது இல்லாமல் நிலம் இல்லை. இங்கிலாந்தின் பெரும் காட்சிச் சித்திரக்காரரான ஜான் கான்ஸ்டபிள், 1821-லும் 1822-லும் ஹாம்ஸ்டெட் மேட்டில் உட்கார்ந்து வெறும் மேகங்களை மட்டுமே படம் படமாகத் தீட்டினார். அவற்றுள் பலவற்றின் பின்புறத்தில் தேதி, மணி, காற்றின் திசை முதலியவற்றைக் குறித்தும் வைத்தார். காலை பத்து மணிக் குளமும் மாலை ஐந்து மணிக் குளமும் வெவ்வேறு குளங்கள் என்பதை அறிந்த மனிதர் அவர். நம் நாட்டில் உச்சிவேளைச் சூரியன் தலைக்கு நேராக நின்று நிழலையெல்லாம் காலடியில் சுருட்டிவிடுவதால், காட்சி தட்டையாகிவிடுகிறது. வெளியே போய்த் தீட்ட விரும்புகிறவர்கள் காலையிலேயே கிளம்பவேண்டும், அல்லது வெயில் சாய்ந்த பிறகு போகவேண்டும்.

தூரத்து மலை நீலமாகத் தோன்றுவதன் காரணத்தையும் வகுப்பில் சொல்லித் தருவார்கள். நமக்கும் மலைக்கும் இடையே பல மைல் காற்று இருக்கிறது. அந்தக் காற்றின் அணுத்திரள்கள் சூரிய ஒளியின் நீலக் கதிர்களை மற்றவற்றைவிட அதிகமாகச் சிதறடிக்கின்றன. வானத்தை நீலமாக்கும் அதே செயல் மலைக்கு முன்னாலும் ஒரு மெல்லிய நீலத் திரையை விரிக்கிறது. பௌதிக அறிஞர் லார்ட் ராலே இதைக் கணித ரீதியில் 1871-இல் விளக்கினார். ஆனால் லியோனார்டோ டா வின்ச்சி அதற்கு மூன்றரை நூற்றாண்டுகளுக்கு முன்பே தம் குறிப்புகளில் இந்தத் தோற்றத்தை எழுதி, சித்திரக்காரர்கள் தொலைவைக் காட்டுவதற்கு அதைப் பயன்படுத்தும் முறையையும் கூறிவிட்டார். இதில் ஒரு நுட்பம் உண்டு. கறுத்த மலைதான் நீலமாகும். தூரத்துப் பனிச் சிகரமோ, அதிலிருந்து புறப்பட்ட ஒளி வழியில் தன் நீலத்தை இழந்துவிடுவதால், இளமஞ்சளாகவே நம்மை வந்தடையும்.

நீலம் என்றதும் வர்ணத்தின் கதை ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. அல்ட்ராமரீன் என்ற ஆழ்ந்த நீலம் பழங்காலத்தில் ஆப்கானிஸ்தானத்து மலைகளில் கிடைக்கும் ஒரு கல்லைப் பொடி செய்து எடுக்கப்பட்டது. பொன்னுக்கு நிகரான விலை. பிரெஞ்சு தேசத்துக் கிமே என்பவர் அதைச் செயற்கையாகச் செய்யும் வழியைக் கண்டு, 1828-இல் அதற்கென ஏற்படுத்தப்பட்ட பரிசைப் பெற்றார். அதன் பிறகு அந்த நீலம் கூலிக்காரரும் வாங்கும் சரக்காயிற்று. வேட்டிக்கு வெண்மை கொடுக்க நம் வீடுகளில் கரைத்த பழைய நீலப் பொடியும் அந்தச் செயற்கை நீலமே. கிமே பரிசு பெற்றுப் பதின்மூன்று வருஷங்களுக்குப் பின், 1841-இல், லண்டனில் வசித்த ஜான் காஃப் ராண்ட் என்ற அமெரிக்கச் சித்திரக்காரர், பிதுக்கினால் வர்ணம் வெளிவரும் தகரக் குழாயை அமைத்துக் கொடுத்தார். அதுவரை எண்ணெய் வர்ணத்தைப் பன்றியின் சவ்வுப் பையில் கட்டிவைத்து, குத்தி எடுக்க வேண்டியிருந்தது. வர்ணத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வயல்வெளிக்குப் போவது அன்று முதல் எல்லோருக்கும் கைகூடியது.

ஆயினும் முதலில் பயில்வதற்கு நீர்வர்ணமே பெரும்பாலான வகுப்புகளில் கொடுக்கப்படுகிறது. அதன் அடிப்படை வித்தையைக் கொஞ்சம் விவரிக்கிறேன். தடித்த தாளை, சதுர மீட்டருக்கு முந்நூறு கிராம் எடையுள்ளதாக இருந்தால் நலம், ஒரு பலகையில் ஒட்டி, பலகையின் தலைப்பக்கத்தைச் சற்றே உயர்த்தி வைக்கவேண்டும். தூரிகை நிறைய வர்ண நீரை எடுத்து, மேல் விளிம்பில் இடமிருந்து வலமாக ஒரே இழுப்பாக இழுத்தால், அதன் அடியில் ஒரு நீர்த்தாரை மணிபோல் திரண்டு நிற்கும். அடுத்த இழுப்பு அந்தத் தாரையைத் தொட்டுக்கொண்டு போகவேண்டும். தாரை ஒரு வரி கீழே இறங்கும். இப்படியே அதை உலரவிடாமலும், உடைந்து ஓடவிடாமலும், அடிவரை கூட்டிக்கொண்டு வந்து, கடைசியில் பிழிந்த தூரிகையின் நுனியால் உறிஞ்சி எடுத்துவிடவேண்டும். நடுவே ஓர் இடம் சரியில்லை என்று திரும்பப் போய்த் தொட்டால் கறை விழுந்துவிடும். தொடாமல் விட்டால் உலரும்போது தானே சமமாகும். காய்ந்த பிறகு வர்ணம் ஈரத்தில் கண்டதைவிட வெளிறிவிடுமென்பதால், முதலிலேயே ஒரு பங்கு அழுத்தமாகக் கலக்கவேண்டும். வெள்ளை வர்ணம் கிடையாது. வெள்ளை வேண்டிய இடத்தில் தாளையே விட்டுவைக்க வேண்டும். ஆகவே மேகம் எங்கே என்பதை வானம் தீட்டுவதற்கு முன்பே தீர்மானித்தாக வேண்டும். ஆங்கில நூல்கள் சொல்லும் உலரும் நேரம் நம் கோடைக்குப் பொருந்தாது. இங்கே ஈரம் கண் முன்னாலேயே ஓடிவிடும். தாளின் பின்புறத்தையும் முன்கூட்டியே நனைத்துக்கொண்டு வேலை செய்வது நல்ல உபாயம்.

இனி அமைப்பு என்னும் விஷயம். கண்ணெதிரே இருப்பதை இருக்கிறபடியே காணக் கற்ற பிறகும், அதைத் தாளில் எங்கே வைப்பது, எதை விடுவது, எதை முதன்மைப்படுத்துவது என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. ரஸ்கின் தம் நூலின் கடைசிக் கடிதத்தில் அமைப்பின் விதிகள் ஒன்பதை எடுத்துரைத்து, ஆங்கிலச் சித்திரக்காரர் டர்னர் தீட்டிய கோப்ளென்ஸ் நகரத்துப் பாலத்தின் காட்சியை உதாரணமாகக் கொள்கிறார். அந்தப் படத்தில் பாலத்தின்மேல் உள்ள கோபுரமே அரசனைப் போல் வீற்றிருக்கிறது. ஏனையவை அதற்குக் கீழ்ப்படிகின்றன. பாலத்தின் வளைவுகள் ஒன்றைப்போல் ஒன்றில்லாமல் படிப்படியாக மாறிச் செல்வதால் பார்வை தடையின்றிக் கடந்துபோகிறது. இத்தனையும் சொல்லிவிட்டு, விதிகளைக் கொண்டு அமைப்பை உற்பத்தி செய்துவிட முடியாது, பெரியோர் செய்ததை உணர்ந்து மகிழவே அவை உதவும் என்றும் அவர் எச்சரிக்கிறார்.

இந்த விஷயத்தில் ரஸ்கினுடைய முறையைவிட, அமெரிக்காவில் ஆர்தர் வெஸ்லி டோ கையாண்ட முறையையே நான் விரும்புகிறேன். மாசசூசெட்ஸ் ராஜ்யத்தில் இப்ஸ்விச் என்ற கடற்கரை ஊரில் கோடைகாலப் பள்ளி நடத்தியவர் டோ. பள்ளி ஆசிரியர்கள் முதலிய வயது வந்தவர்களே அவருடைய மாணாக்கருள் பெரும்பாலோர். ஜப்பானிய மர அச்சுப் படங்களில் ஈடுபட்டு, கோடு, ஒளி-நிழல், வர்ணம் என்ற மூன்றின் சேர்க்கையாகவே எல்லாச் சித்திரத்தையும் கண்டவர். இவற்றை விளக்கி 1899-இல் அவர் வெளியிட்ட நூல் அமெரிக்கப் பள்ளிகளில் பெரும் செல்வாக்குப் பெற்றது; புகழ்பெற்ற சித்திரக்காரி ஜார்ஜியா ஓகீஃப் அவரிடம் பயின்றவர். மாணாக்கருக்கு டோ கொடுத்த வேலை இப்படிப்பட்டது: ஒரு ஆறு, ஒரு தொடுவானம், இரண்டு மரம் என்று சில கோடுகளே உள்ள எளிய காட்சியை எடுத்துக்கொண்டு, அதையே ஒரு சதுரத்துக்குள்ளும், நெட்டுச் சட்டத்துக்குள்ளும், அகன்ற சட்டத்துக்குள்ளும் மாற்றி மாற்றி அமைக்கவேண்டும். தொடுவானம் ஏறினால் நிலம் பேசுகிறது. இறங்கினால் வானம் பேசுகிறது. நடுவில் நின்றாலோ இரண்டும் சண்டையிட்டுக்கொண்டு எதுவும் பேசாமல் போகிறது. பிறகு அதையே கறுப்பும் வெளுப்புமாக மட்டும் நிரப்பிப் பார்க்கவேண்டும். எது நல்ல அமைப்பு என்று ஆசிரியர் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. இப்படி அமைத்தவற்றையெல்லாம் வரிசையாக வைத்தால், ஒருவருக்கொருவர் அறிமுகமில்லாதவர்கள்கூடப் பெரும்பாலும் ஒன்றையே சுட்டிக் காட்டுவார்கள். தெரிந்தெடுக்கும் பொறுப்பை மாணாக்கரிடமே ஒப்படைக்கும் இந்த முறை, வாழ்க்கையில் எத்தனையோ தெரிவுகளைச் செய்து பழகிய வயது வந்தவர்களுக்கு மிகவும் ஏற்றது.

வயது வந்தவர்களைப் பின்னுக்கு இழுப்பது திறமைக் குறைவைக் காட்டிலும் அச்சமே. வெள்ளைத் தாளைக் கண்டால் நேரும் அச்சம் எவரையும் விட்டதில்லை. 1915-இல், தார்டனல்ஸ் போர் முயற்சி தோல்வியுற்று மந்திரி பதவியின் செல்வாக்கை இழந்து, நாற்பதாவது வயதில் முதல்முறையாகத் தூரிகை எடுத்த வின்ஸ்டன் சர்ச்சில், பெரிய திரைச்சீலையின் முன்னே நின்று பயறளவு நீலத்தைத் தொட்டு வைத்துவிட்டுத் தயங்கி நின்றார். அந்தச் சமயத்தில் அங்கு வந்த ஹேஸல் லேவரி என்ற சித்திரக்காரி பெரிய தூரிகை ஒன்றை வாங்கி, நீலத்தில் தோய்த்து, திரைச்சீலையின்மேல் சரமாரியாக வீசித் தீட்டிக் காட்டிய பிறகே தயக்கம் நீங்கியதாக அவரே எழுதியிருக்கிறார். அதன் பிறகு வாழ்நாள் முழுதும் அவர் காட்சிச் சித்திரங்கள் தீட்டினார். நம்மிடையே கே. சி. எஸ். பணிக்கர் இருந்தார். கோயம்புத்தூரில் 1911-இல் பிறந்து, தந்தி இலாகாவில் உத்தியோகம் பார்த்து, அதை விட்டு, 1936-இல் இருபத்தைந்து வயதில் சென்னைச் சித்திரப் பள்ளியில் மாணாக்கராகச் சேர்ந்தவர். உழைப்பாளர் சிலையைப் பிற்காலத்தில் வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அப்போது அங்கே தலைவர். தென்னையும் காயலுமாகக் கேரளத்தின் நீர்நிலைகளை நீர்வர்ணத்தில் தீட்டியே பணிக்கர் முதலில் பேர் பெற்றார். பிறகு அதே பள்ளிக்குத் தலைவராகி, 1966-இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தையும் தோற்றுவித்தார்.

ரஸ்கின் வகுப்பின் மாணாக்கர் எல்லோரும் இப்படிப் புகழ் பெறவில்லை. பெறவேண்டும் என்று அவர் நினைக்கவும் இல்லை. ஆனால் அந்த வகுப்பிலிருந்து கிளைத்த சில காரியங்கள் எவரும் எண்ணாத திசைகளில் சென்றன. ஜார்ஜ் ஆலன் என்ற தச்சர் அங்கே படிக்க வந்தார். ரஸ்கினிடம் செதுக்குச் சித்திரம் கற்று, அவருக்கு உதவியாளராகி, 1871 முதல் அவருடைய நூல்களைப் பதிப்பித்து விற்கும் பிரசுரகர்த்தரானார். அவர் பதிப்பித்தவற்றுள் ரஸ்கினின் பொருளாதாரக் கட்டுரைகள் அடங்கிய நூலும் ஒன்று. 1904-இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குப் போகும் ரயிலில் காந்தியடிகள் படித்து, வாழ்க்கையையே மாற்றிக்கொண்டு பீனிக்ஸ் குடியிருப்பை அமைத்ததும், பின்னாளில் சர்வோதயம் என்று தம் மொழியில் தழுவி எழுதியதும் அந்த நூலையே.

இன்னொருவர் ஆக்டேவியா ஹில். உழைப்பாளர் கல்லூரியில் மாதர் வகுப்புகளின் காரியதரிசியாக இருந்தவர். இளம் வயதில் ரஸ்கினிடம் சித்திரம் பயின்று, டர்னர் முதலியோரின் படங்களைப் பார்த்து எழுதும் வேலையில் அவரால் அமர்த்தப்பட்டவர். கலையில் தமக்குப் பெரிய இடம் இல்லை என்று கண்டு, லண்டன் ஏழைகளின் குடியிருப்பைச் சீர்திருத்துவதில் இறங்கினார். மரத்தையும் மேட்டையும் மணிக்கணக்காக உற்று நோக்கிப் பழகிய அந்தக் கண், நகரத்தைச் சுற்றியிருந்த வெட்டவெளிகள் ஒவ்வொன்றாக வீடுகளுக்கு இரையாவதைக் கண்டு சும்மா இருக்கவில்லை. 1895-இல் ராபர்ட் ஹன்டர், ஹார்ட்விக் ரான்ஸ்லி என்ற இருவரோடு சேர்ந்து தேசிய அறநிலையத்தை நிறுவினார். இவர்களுள் ரான்ஸ்லியும் ஆக்ஸ்ஃபர்டில் ரஸ்கினிடம் பயின்றவரே. அழகிய நிலப்பரப்புகளை விலைக்கு வாங்கியும் தானமாகப் பெற்றும் என்றென்றைக்கும் பொதுமக்களுக்காகக் காத்துவைப்பது அதன் தொழில். அதற்கு முதன்முதலாகக் கிடைத்த சொத்து, வேல்ஸ் நாட்டில் பார்மத் என்னும் ஊருக்கு மேலே கடலை நோக்கி நிற்கும் தினாஸ் ஓலே என்ற ஐந்து ஏக்கர் குன்றுச் சரிவு. அதை மனமுவந்து கொடுத்த ஃபானி டால்பட் அம்மையார் ரஸ்கினின் நெடுநாள் நண்பர். உழைப்பாளர் கல்லூரியோ 1905 முதல் லண்டன் காம்டன் பகுதியில், கிரௌண்டேல் சாலையில் உள்ள தன் சொந்தக் கட்டடத்தில் நடந்துவருகிறது. வேலைக்குப் போய்த் திரும்பும் மனிதர்களுக்கு அங்கே சித்திர வகுப்புகளும் தொடர்ந்து நடைபெறுகின்றன.